தவிட்டுக்குள் இருந்த குளிசை

போன கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், கல்முனை பஸாரில் வைத்து என்னிடம் முன்பு படித்த ஒரு தம்பி மறித்தான். கையில் ஒரு போத்தல்.

"சேர், இதக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க. உம்மாக்கு எடுத்த. ஒரு மாசத்துக்கு 17,500 ரூபா."

வாசித்தேன். இழைமணிகளின் பரம்பரையலகுகளைத் தூண்டுமாம், கலங்களில் சக்தியைப் பெருக்குமாம், களைப்பைப் போக்குமாம். "இழைமணி என்டா நீங்க படிப்பிச்ச அந்த இழைமணிதானே?" என்று கேட்டான். பத்து வருசத்துக்கு முன் கரும்பலகையில் கீறியது ஞாபகத்தில் இருக்கிறதே என்று உள்ளுக்குள் சந்தோசம். "அதுதான் தம்பி" என்றேன். "அப்ப இது உண்மையா சேர்?"

றோட்டில் நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை அது. எழுதுகிறேன், வாசி என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு இரவு எடுத்தது. பதிவு நீளம். நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

கலத்துக்குள் சக்தி உண்டாக்கும் வேலையை ஒரு இரசாயனப் பொருள் தூக்கி நிறுத்தும் என்பது புதுக் கதை அல்ல. கிட்டத்தட்ட நூறு வருசத்துக்கு முன்பே அப்படியொரு பொருள் கைக்குக் கிடைத்துவிட்டது. அது கிடைத்த இடம் அரிசித் தவிடு. அதைக் கண்டுபிடித்த வரலாற்றில் இலங்கைக்கும், தமிழ் பேசும் கூலித் தொழிலாளிகளுக்கும், நெல் அவித்த நம் பெண்களுக்கும் பங்கு உண்டு. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அந்தப் பங்கு வருவதில்லை.

நோயிலிருந்து தொடங்குகிறேன்.

1795இல் பிரித்தானியர் திருகோணமலையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த சில வருடங்களில் இலங்கையில் இருந்த பட்டாளத்துக்குள் ஒரு நோய் புகுந்தது. கால் மரத்துப்போகும். பிறகு வீங்கும். வீக்கம் மேலே ஏறும், மூச்சு முட்டும், நேற்று நடந்து திரிந்தவன் இன்று சாவான். பட்டாள வைத்தியராக இருந்த தோமஸ் கிறிஸ்டி இதைப் பற்றி எழுதிவைத்தார். நம் நாட்டில் அம்மைப்பால் குத்தும் முறையைப் பரப்பியவரும் இவர்தான். பழைய ஆங்கில வைத்திய நூல்களில் இந்நோய்க்கு "இலங்கையின் கெட்ட நோய்" என்றே ஒரு பெயர் உண்டு.

உலகம் முழுக்க நிலைத்த பெயர் பெரிபெரி. இதுவும் நம் தீவின் சொல் என்றுதான் பல அகராதிகள் சொல்கின்றன. சிங்களத்தில் "பெரி" என்றால் இயலாது. இயலாது, இயலாது என்று நோயாளி இரண்டு தரம் சொல்கிறான். வேறு கதையும் இருக்கிறது. பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், இருந்த ஒல்லாந்த வைத்தியர் யாகோபுஸ் பொந்தியுஸின் நூல் 1642இல், அவர் இறந்தபின், அச்சானது. அந்நோயாளிகள் ஆடு நடப்பதுபோல நடப்பதால் அவ்வூர் மக்கள் ஆட்டின் பெயரை வைத்தார்கள் என்று அவர் எழுதியிருந்தார். எனக்கு இயலாது என்ற விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது. களைப்பைச் சொல்ல அதைவிட நேரான சொல் எந்தப் பாசையிலும் கிடையாது.

சென்னை மாகாணத்தில் மல்கம்சன் என்ற பட்டாள வைத்தியர் 1835இல் பெரிபெரி பற்றி ஒரு நூலே எழுதினார். அங்கே நோய் வடசர்க்கார் எனப்பட்ட தெலுங்குக் கரையோரத்தில்தான் கிடந்தது. தெற்கே, தமிழ்ப் பகுதியில், இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. ஏன் என்று அப்போது ஒருவருக்கும் விளங்கவில்லை. கடல் ஒன்று, வெயில் ஒன்று, இரு பக்கமும் சோறுதான். விடை வர இன்னும் நூறு வருசம் கிடந்தது.

அதற்கிடையில் நிலைமை மோசமானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவியால் ஓடும் அரிசி ஆலைகள் ரங்கூன், பாங்கொக், சைகோன் என்று பரவின. உலக்கையால் குற்றினால் தவிட்டுத்தோல் கொஞ்சமாவது அரிசியில் ஒட்டியிருக்கும். ஆலை உருளை அதையும் சுரண்டி எடுத்து, அரிசியை முத்துப்போல வெள்ளையாக்கித் தந்தது. வெள்ளை அரிசி கெடாது, பார்வைக்கு நல்லது, கப்பலில் ஏற்ற வசதி. பட்டாளம், சிறைச்சாலை, சுரங்கம், தோட்டம் எல்லாவற்றுக்கும் அதுவே போனது. பெரிபெரியும் அதே இடங்களுக்குப் போனது.

யப்பான் கடற்படையின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1882இல் புறப்பட்ட ரியூஜோ என்ற கப்பலில் 376 பேர். 169 பேருக்கு நோய் கண்டு 25 பேர் இறந்தார்கள். கடற்படை வைத்தியர் தகாகி கனெஹிரோ, 1884இல் அதே பாதையில் போன இன்னொரு கப்பலில் சாப்பாட்டை மாற்றினார். வெள்ளைச் சோற்றைக் குறைத்து இறைச்சி, பால், ரொட்டி கூட்டினார். ஒருவரும் சாகவில்லை. புரதம் போதாததுதான் காரணம் என்று அவர் நம்பினார். காரணம் பிழை, வைத்தியம் சரி. யப்பான் தரைப்படையின் வைத்தியர்களோ இது ஏதோ கிருமி என்று பிடிவாதமாக நின்றார்கள். 1904-05 ரஷ்யப் போரில் அந்தப் படையில் சுமார் 27,000 பேர் பெரிபெரியால் இறந்ததாகக் கணக்குச் சொல்கிறது.

பத்தாவியாவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற ஒல்லாந்த வைத்தியரும் கிருமியைத் தேடித்தான் கோழிகளை வளர்த்தார். ஒருநாள் கோழிகளுக்குக் கால் இழுத்தது. கொஞ்ச நாளில் தானாகவே சுகம் வந்தது. விசாரித்தால் சங்கதி குசினியில். இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். பிறகு வந்த புதுச் சமையற்காரன், இராணுவச் சோறு சிவிலியன் கோழிகளுக்கு எதற்கு என்று மறுத்துவிட்டான். கோழிகள் தவிட்டரிசிக்கு மாறின, நிமிர்ந்தன. அந்தச் சமையற்காரனின் பெயரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

கோழியில் கண்டது மனிதனுக்குப் பொருந்துமா? அடொல்ப் ஃபோர்டர்மான் என்ற அதிகாரி யாவாவின் 101 சிறைகளில் கணக்கெடுத்தார். கிட்டத்தட்ட 280,000 கைதிகள். தவிட்டரிசி கொடுத்த சிறைகளில் 10,000 பேரில் ஒருவருக்கு நோய், தீட்டிய அரிசி கொடுத்த சிறைகளில் 39 பேரில் ஒருவருக்கு. அப்போதும் எய்க்மான், அரிசியில் ஏதோ நஞ்சு, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து என்று விளக்கம் சொன்னார். அவருக்குப் பின் வந்த கெரிட் கிரைன்ஸ்தான் 1901இல் சரியாகச் சொன்னார்: நஞ்சு ஒன்றும் இல்லை, உடம்புக்கு வேண்டிய ஏதோ ஒன்று வெள்ளையரிசியில் இல்லை.

இனி மலாயா. எனக்கு இந்த வரலாற்றில் நெஞ்சைப் பிடிக்கும் பகுதி இதுதான், கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன்.

நூற்றாண்டுத் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளிகள் ஆயிரக்கணக்கில் பெரிபெரியால் விழுந்தார்கள். அதே ஊர்களில் தமிழ்த் தொழிலாளிகளும் இருந்தார்கள். அதே மழை, அதே நுளம்பு, அதே லயம். பட்டினியும் அதே பட்டினிதான், தமிழனுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் தமிழர்களுக்கு இந்நோய் அநேகமாக வரவில்லை. நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராக இருந்த லெனர்ட் பிராடன் இதைக் கவனித்தார். சீனர் உண்டது சீயத்திலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. மலாய்க் கிராமத்தவர் உண்டது அவ்வப்போது வீட்டில் குற்றிய அரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்த புழுங்கலரிசி. 1907இல் பிராடன் இதை ஒரு பெரிய நூலாக எழுதினார். பச்சரிசி பழசானால் அதில் பூஞ்சணம் பிடித்து நஞ்சு உண்டாகிறது, அவித்த நெல்லில் அது இல்லை என்பது அவருடைய விளக்கம். இவருக்கும் காரணம் பிழை, ஆனால் குற்றவாளியைச் சரியாகப் பிடித்துவிட்டார். இந்த வரலாறு முழுக்க இப்படித்தான் போகும். பரீட்சையில் விடை சரி, செய்கை பிழை என்று எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் இனி கொஞ்சம் புள்ளி கூட்டிப் போட வேண்டும்.

கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் வில்லியம் ஃபிளெச்சர் என்ற வைத்தியர் 1905 டிசம்பரில் ஒரு பரிசோதனை தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி இலக்கம் சொல்லச் சொன்னார். ஒற்றை இலக்கத்தார் ஒரு பக்கம், இரட்டை இலக்கத்தார் மறுபக்கம். ஒரு பக்கத்துக்குச் சீயத்துப் பச்சரிசி, மறுபக்கத்துக்குப் புழுங்கலரிசி. ஒரு வருசத்தில் பக்கத்துக்கு 120 பேரளவில் வந்தார்கள். புழுங்கல் உண்ட பக்கத்தில் இருவருக்கு மட்டும் நோய் இருந்தது, அவர்களும் வரும்போதே அதோடு வந்தவர்கள். ஒருவரும் சாகவில்லை. பச்சரிசிப் பக்கத்தில் பல பத்துப் பேருக்கு நோய் கண்டு 18 பேர் இறந்தார்கள்.

விஞ்ஞான வரலாற்று நூல்கள் இதை ஒரு சிறந்த பரிசோதனை என்று புகழ்கின்றன. பரிசோதனையின் அமைப்பு சிறப்புத்தான். ஆனால் அந்த 18 பேரிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை, கேட்டாலும் சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை. இதைப் படிப்பிக்கும்போது இரண்டையும் சேர்த்துத்தான் நான் சொல்வேன்.

அடுத்து ஹென்றி ஃபிரேசரும் அம்ப்ரோஸ் ஸ்டான்டனும், காட்டுக்குள் றோட்டுப் போட வந்த 300 யாவாத் தொழிலாளிகளை இரண்டாகப் பிரித்து அதே இரண்டு அரிசியைக் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சரிசி உண்டவர்களிடம் நோய் வந்தது, புழுங்கலுக்கு மாற்றியதும் நின்றது. நோய் இடத்தோடு இல்லை, அரிசியோடு போகிறது. பிறகு ஆலையில் கழித்த தவிட்டைக் கோழிகளுக்குக் கொடுத்து, மருந்து அதற்குள்தான் இருக்கிறது என்று காட்டினார்கள். 1910இல் மனிலாவில் கூடிய தூர கிழக்கு வைத்தியர்கள், தீட்டிய வெள்ளையரிசியையே விடாமல் உண்பதால்தான் பெரிபெரி என்று தீர்மானம் போட்டார்கள்.

இங்கே நம் வீட்டுக்குள் வருவோம்.

நான் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது வட்டையிலிருந்து நெல் வந்திறங்கினால் உம்மம்மாவின் ராச்சியம் தொடங்கும். முதல் நாள் நெல்லை ஊறப்போடுவார். மறுநாள் சுபஹுக்குப் பின் பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றி அவிப்பார். கிடாரத்தின் மேல்வாயில் நெல் "வாய் பிளந்தால்" இறக்க வேண்டும். பிளக்காவிட்டால் அவியல் போதாது, கூடப் பிளந்தால் சோறு குழையும். முற்றத்தில் பாய் விரித்துக் காயவைப்பார்கள். அரைக்காய்ச்சலில் ஒருதரம் கிளற வேண்டும், காகம் விரட்ட வேண்டும். காகம் விரட்டும் உத்தியோகம் எனக்கு. அவித்த நெல்லின் அந்த வாசம் இன்று எழுதும்போதும் மூக்கில் வருகிறது. சேனநாயக்க சமுத்திரத்துத் தண்ணீரில் விளைந்த நெல் சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று இந்தக் கரை முழுக்க இப்படித்தான் வீட்டுக்கு வீடு சோறானது.

உம்மம்மாவிடம் ஏன் அவிக்கிறீர்கள் என்று கேட்டால், "குத்தினா நொறுங்காது மகன், வண்டு விழாது" என்பார். அவ்வளவுதான். நம் முன்னோர் விற்றமினை அறிந்திருந்தார்கள் என்று யாராவது இதற்குக் கீழே கருத்து எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்கள் அறிந்தது அரிசி நொறுங்காத வழி. அது உயிரையும் காத்தது வேறு விடயம்.

எப்படிக் காத்தது என்பதைக் கண்டது குன்னூரில். நீலகிரியில் அங்கே 1918இல் ரொபர்ட் மக்கரிசன் ஒரே ஒரு அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதுதான் பிறகு வளர்ந்து ஹைதராபாத்தில் இந்தியாவின் தேசிய போசாக்கு நிறுவனமாக நிற்கிறது. மக்கரிசனுக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற வொலஸ் எய்க்ரொய்டும் அவரோடு வேலை செய்த இந்திய ஆய்வாளர்களும் அரிசியை அக்குவேறாக ஆராய்ந்து 1940இல் வெளியிட்டார்கள். மல்கம்சன் காலத்துப் புதிருக்கு விடை அதில் இருந்தது. தெலுங்குக் கரையோரம் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி, தமிழ்ப் பகுதி உண்டது புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள சத்துத் தண்ணீரில் கரைந்து அரிசிக்குள்ளே இறங்குகிறது. சூட்டில் மா இறுகி அதை உள்ளே பூட்டிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும், வீட்டில் கழுவினாலும், பெரும்பகுதி போகாது. பச்சரிசியிலோ அது மேல்தோலில்தான் இருக்கிறது, ஆலை பாதியைக் கொண்டுபோகும், கழுவுகிற தண்ணீர் மிச்சத்தைக் கொண்டுபோகும்.

அந்தச் சத்து என்ன? போலந்துக்காரரான கசிமிர் ஃபங்க் 1912இல் அதற்கு "விற்றமின்" என்று பெயர் வைத்தார். பெயர் மட்டும்தான் அவருக்குச் சரிவந்தது. தவிட்டிலிருந்து அவர் பிரித்தெடுத்த பளிங்குகளில் பெரும்பகுதி வேறொரு பொருள், நிக்கொட்டினிக் அமிலம். பெரிபெரிக்கு அது உதவவில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். இதை ஞாபகத்தில் வையுங்கள், அந்தப் போத்தலுக்குத் திரும்பும்போது வேண்டும்.

உண்மையான பொருளை 1926இல் பத்தாவியாவில் யான்சன், டோனத் என்ற இருவர் தூய்மையாக எடுத்தார்கள். 300 கிலோ தவிட்டிலிருந்து கிடைத்தது 100 மில்லிகிராம், ஒரு சின்னக் குளிசையின் பாரம். ஆனால் அதன் சூத்திரத்தில் இருந்த கந்தக அணுவைத் தவறவிட்டார்கள். கந்தகத்தையும் சேர்த்து முழு அமைப்பையும் கண்டு, 1936இல் ஆய்வுகூடத்தில் செய்தும் காட்டியவர் ரொபர்ட் வில்லியம்ஸ். அமெரிக்கர், ஆனால் பிறந்தது 1886இல் சென்னை மாகாணத்து நெல்லூரில், மிசனரிப் பெற்றோருக்கு. 1910இல் மனிலாவில் ஒரு இராணுவ வைத்தியர் தவிட்டுச் சாற்றை அவர் கையில் கொடுத்து இதற்குள் என்ன இருக்கிறது பார் என்றாராம். பார்த்து முடிக்க 26 வருசம் எடுத்தது. சம்பளத்துக்கு ரெலிபோன் கம்பனியில் வேலை, மிஞ்சிய நேரத்தில் தவிடு. பொருளுக்குத் தயமின் என்று பெயர் வந்தது, விற்றமின் பி1 என்பதும் அதுவே.

அது உடம்புக்குள் செய்யும் வேலையை ஒக்ஸ்போர்டில் ருடொல்ப் பீற்றர்ஸ் கண்டார். தயமின் இல்லாமல் தலை பின்னால் வளைந்து சாகக் கிடக்கும் புறாக்களின் மூளைத் திசுவை எடுத்தார். ஒட்சிசன் உறிஞ்சுவது குறைந்து, பைருவேற்று தேங்கிக் கிடந்தது. அந்தக் குழாயிலேயே துளியளவு தயமின் விட்டதும் திசு மறுபடி சுவாசிக்கத் தொடங்கியது.

தரம் 11 பிள்ளைகளுக்கு இது விளங்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் உண்ணும் சோறு குளுக்கோசாகிறது. குளுக்கோசு கலத்துக்குள் உடைந்து பைருவேற்று ஆகிறது, அதில் கிடைக்கும் சக்தி சொற்பம். பெரிய சக்தி வருவது பைருவேற்று இழைமணிக்குள் போய் எரிந்தால்தான். அந்த வாசலில் ஒரு நொதியக் கூட்டம் நிற்கிறது. தயமின் இல்லாமல் அதால் வேலை செய்ய ஏலாது. வாசல் அடைபட்டால் பைருவேற்று வெளியே தேங்கும், லக்ரிக் அமிலமாகும், எந்நேரமும் வேலை செய்கிற இதயமும் நரம்பும்தான் முதலில் பட்டினி கிடக்கும். தட்டு நிறையச் சோறு, கலத்துக்குப் பட்டினி. கோலாலம்பூரில் செத்த 18 பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள். இத்தனைக்கும் நம் உடம்பில் மொத்தமாக இருக்கும் தயமின் 25 முதல் 30 மில்லிகிராம். இரண்டு மூன்று கிழமைக்கு மேல் தாங்காது.

அந்தச் சக்தியின் நாணயமான ஏ.ரி.பி.யைக் கண்டதும் அதே காலம்தான். 1929இல் ஜேர்மனியில் கார்ல் லோமன் கண்டார். அதே வருடம் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கும் எல்லாப்பிரகட சுப்பாராவும் தனியாகக் கண்டார்கள். சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், கதர் உடுத்தி வந்ததால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் போனவர். ஹார்வர்டிலும் நிரந்தரப் பதவி கொடுக்கவில்லை. யானைக்கால் நோய்க்கு நம் நாட்டில் கொடுத்த டி.ஈ.சி குளிசையும் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுகூடத்தில்தான் பிறந்தது. அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வந்தது, தயமின் உடம்புக்குள் எந்த வடிவில் வேலை செய்கிறது என்று 1937இல் காட்டியவரும் அதே லோமன்தான்.

இப்போது அந்தப் போத்தலுக்கு வருகிறேன்.

இழைமணி என்ற பெயரை 1898இல் கார்ல் பென்டா கிரேக்கத்தில் வைத்தார். இழை, மணி இரண்டையும் சேர்த்த சொல். நம் இலங்கைத் தமிழ்ப் புத்தகம் அதை அப்படியே தமிழாக்கியிருக்கிறது, மைற்றோகொண்ட்ரியா என்பதைவிட இதுதான் பிள்ளைகளுக்குப் பதிகிறது. இழைமணிக்குள் தனியாக 37 பரம்பரையலகுகள் இருப்பதை 1981இல் கேம்பிரிட்ஜில் முழுவதும் வாசித்து முடித்தார்கள். 1998இல் அமெரிக்காவில் புரூஸ் ஸ்பீகல்மனின் ஆய்வுகூடம், இழைமணிகளைப் பெருக்கச் சொல்லி மற்றப் பரம்பரையலகுகளை ஏவும் ஒரு புரதத்தைக் கண்டது. அந்த ஏவுதலைத் தூண்டும் இரசாயனங்களைத் தேடும் ஓட்டம் அதற்குப் பிறகு வந்ததுதான். 2006இல் திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரோல் என்ற பொருளைக் கொடுத்த எலிகள் கூடுதல் தூரம் ஓடின. உலகமெல்லாம் செய்தி, கடையெல்லாம் குளிசை. மனிதரில் அந்த அளவு பலன் இன்றுவரை உறுதியாகவில்லை.

தம்பி காட்டிய போத்தலில் இருந்தது அந்தப் பொருளும், நிக்கொட்டினிக் அமிலத்தின் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்றும். ஆம், ஃபங்க் தவிட்டிலிருந்து எடுத்து, பெரிபெரிக்கு உதவாது என்று ஒதுக்கிய அதே பொருளின் உறவு. 1937இல் எல்விஜெம் என்பவர் அது இல்லாமல் வரும் பெலாக்ரா நோய்க்கு அதுவே மருந்து என்பதற்கு வழி காட்டினார். அதுவும் கலத்தின் சக்தி வேலைக்கு அவசியம்தான், பொய்யில்லை. அதுவும் தவிட்டில் இருக்கிறது, நெல்லை அவித்தால் அதுவும் அரிசிக்குள் இறங்கும். நாம் தவிட்டை மாட்டுக்கும் கோழிக்கும் போட்டுவிட்டு, அதன் உறவுக்காரனைப் போத்தலில் கடல் தாண்டி வரவழைக்கிறோம்.

என் கருத்து இது. ஒரு பொருள் உடம்பில் இல்லாமல் போய், அதைத் திருப்பிக் கொடுத்தால், பீற்றர்ஸின் குழாயில் நடந்தது நடக்கும். பெரிபெரியால் மூச்சு முட்டும் கைக்குழந்தை, தயமின் ஊசி ஏற்றி மணிக்கணக்கில் கண் திறக்கும். ஆனால் போதியளவு இருப்பவனுக்கு மேலும் மேலும் கொடுத்தால் அடுப்பு இரண்டு மடங்கு எரியும் என்பதற்கு அந்தப் போத்தல் விற்றவரிடம் ஆதாரம் இல்லை. மிச்சமான தயமின் சிறுநீரில் போகும். ஸ்பீகல்மன் கண்ட அந்தப் புரதத்தைத் தசையில் கூட்டும் நிச்சயமான வழி ஒன்று இருக்கிறது. நடப்பது. அஸருக்குப் பிறகு கடற்கரையில் அரை மணித்தியாலம், காசு இல்லை.

சரி, பெரிபெரி போய்விட்டதுதானே, பழங்கதை எதற்கு என்று கேட்கலாம். முழுதாகப் போகவில்லை. லாவோஸ், கம்போடியா, காஷ்மீர் போன்ற இடங்களில் இந்தக் காலத்திலும் கைக்குழந்தைகள் இதனால் இறந்திருக்கிறார்கள். தாய் உண்பது தீட்டிய வெள்ளையரிசி, அதுவும் பலதரம் கழுவியது. மேலே பிள்ளைப்பேற்றுப் பத்தியம் என்று மரக்கறி, பருப்பு, மீன் எல்லாம் நிறுத்தப்பட்ட தாய்மார் பலர். தாய்ப்பாலில் தயமின் இல்லை. நம் ஊரிலும் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் அது கூடாது, இது கூடாது என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டார் இதை வாசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். கர்ப்பத்தில் கிழமைக்கணக்காக விடாமல் சத்தி எடுப்பவர்கள், நீண்டகாலம் நீர் போகும் குளிசை எடுக்கும் இதய நோயாளிகள், டயலிசிஸ் செய்பவர்கள் ஆகியோருக்கும் தயமின் குறையலாம். அவர்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டும், போத்தல்காரனிடம் அல்ல. நாளெல்லாம் வெற்றிலை பாக்கும் சாயத் தேத்தண்ணியும் என்று இருக்கும் நம் மூத்தவர்களுக்கும் ஒரு செய்தி: இரண்டும் தயமினைக் கெடுக்கக்கூடியவை.

கணக்காகச் சொன்னால், வளர்ந்த ஒருவருக்கு நாளுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் போதும். 100 கிராம் தவிட்டரிசியில் சுமார் 0.4 மில்லிகிராம், தீட்டிய பச்சரிசியில் சுமார் 0.07, புழுங்கலில் இரண்டுக்கும் நடுவே. பயறு, கௌபி, பருப்பு, நிலக்கடலை எல்லாவற்றிலும் இருக்கிறது. நோன்புக் கஞ்சிக்குப் பயறு போடுகிற கை நல்ல கை.

தம்பிக்கு நேற்றுப் பேசினேன். உம்மா என்ன அரிசி சாப்பிடுகிறார் என்று கேட்டேன். "வெள்ளைப் பச்சைதான் சேர். மூணு தரம் கழுவி வடிச்சிருவாங்க. மீன் மணம் பிடிக்கிதில்ல என்டு கறியும் குறைவு." களைப்புக்குத் தயமின்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், நான் வைத்தியர் இல்லை. இரத்தம் குறைந்தாலும், சீனி கூடினாலும், தைரொயிட் பிசகினாலும் களைப்புத்தான். முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் பார், அரிசியை மாற்று, அந்தப் போத்தலைத் திறக்காவிட்டால் திருப்பிக் கொடு என்றேன். திறந்துவிட்டார்களாம்.

ஒரு வேண்டுகோள். தரம் 10 பிள்ளைகளோடு சேர்ந்து, இந்தக் கரையில் முன்பு வீட்டில் நெல் அவித்த முறையை எழுதிவைக்கப் போகிறேன். எத்தனை மணித்தியாலம் ஊறப்போட்டார்கள், கிடாரமா பீப்பாவா, ஒருதரம் அவித்தார்களா இரண்டுதரமா, எந்த நெல்லுக்கு எந்தப் பதம் என்று உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள். மருதமுனை, சாய்ந்தமருது, ஒலுவில், இறக்காமம், பொத்துவில் என்று ஊரையும் சேர்த்து எழுதினால் நல்லது. என் உம்மம்மாவிடம் நான் கேட்டு எழுதவில்லை.